செயல்வழிக் கற்றல் (தமிழ்நாடு)

செயல்வழிக் கற்றல் என்பது தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அட்டைகள், மணிகள், படங்கள், விளையாட்டுகள் ஆகியவற்றின் துணையுடன் தாமே செய்து பார்த்து, தத்தம் வேகத்தில் கற்பதற்கு வகைசெய்யும் வகுப்பறை முறை ஆகும். தமிழ்நாட்டில் இம்முறை 2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில், அதாவது 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகளுக்கு இது நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எளிமைப்படுத்தப்பட்ட வடிவம் பெற்ற இம்முறையின் இடத்தை, 2022 முதல் படிப்படியாக எண்ணும் எழுத்தும் திட்டம் எடுத்துக்கொண்டது.

இம்முறையின் அடிப்படை மாற்றம் பாடத்தில் அன்று, கால அளவில் உள்ளது. வழக்கமான வகுப்பில் பாடத்தின் வேகத்தை ஆசிரியரும் பாடநூலும் முடிவு செய்கின்றனர்; குழந்தை அதற்கு ஈடுகொடுக்கவேண்டும். செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி வேகம் உண்டு என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டு, அதற்கு ஏற்ப வகுப்பறை அமைக்கப்படுகின்றது. இம்முறையின் நன்மைகளும், அதன்மேல் எழுந்த குறைகூறல்களும் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலிருந்தே பிறந்தவை.

பின்னணி

தமிழ்நாட்டின் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்களே உள்ளனர். ஓர் ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளைக் கவனிக்கவேண்டியிருக்கும். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நடக்கும்போது ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் சிலேட்டில் முன்பே எழுதிய எழுத்தையே மீண்டும் எழுதிக்கொண்டிருப்பர். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் கற்பிக்கப்பட்ட முறைகளோ, ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பு என்னும் எண்ணத்தில் அமைந்தவை.

வருகையின்மை மற்றொரு சிக்கல். அறுவடை, செங்கல் சூளை வேலைக்காகப் பெற்றோர் இடம்பெயர்தல், காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று பத்து நாள் பள்ளிக்கு வராத குழந்தை திரும்பி வரும்போது வகுப்பு முன்னே சென்றிருக்கும். விட்ட பாடத்தை மீண்டும் நடத்த ஆசிரியருக்கு நேரம் இராது. இப்படி விட்ட பகுதிகள் சேர்ந்துசேர்ந்து, நான்காம் வகுப்பில் அமர்ந்திருந்தும் ஒரு வரியைப் படிக்க இயலாத நிலை சில குழந்தைகளுக்கு ஏற்படுகின்றது. வீட்டில் சொல்லித்தர எழுத்தறிந்தவர் இல்லாத முதல் தலைமுறை மாணவர்களே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர்.

இச்சிக்கலுக்கான விடை தமிழ்நாட்டில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அன்று. குழந்தை தன் கைகளால் பொருள்களைக் கையாண்டு கற்கவேண்டும் என்னும் கருத்தை மரியா மாண்டிசோரி 1907 இல் உரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் நடைமுறைப்படுத்தினார். அவர் 1939 இல் சென்னை வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலின் வழியாகக் கற்பதை வலியுறுத்தியது. எனினும் மாண்டிசோரி முறை நகர்ப்புறத் தனியார் மழலையர் பள்ளிகளைத் தாண்டிப் பெரிதும் செல்லவில்லை. ஆதாரப் பள்ளிகள் காலப்போக்கில் பிற பள்ளிகளைப் போன்றே ஆகிவிட்டன.

நேரடி முன்னோடிகள் தென்னிந்தியாவின் இரு சிற்றூர் முயற்சிகள் ஆகும். டேவிட் ஹார்ஸ்பரோ என்னும் ஆங்கிலேயர் 1972 இல் கருநாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் பள்ளியைத் தொடங்கினார். அங்கு வகுப்புப் பிரிவினை இல்லை. பல வயதுக் குழந்தைகள் ஒரே கூடத்தில் தத்தம் வேலையைச் செய்தனர். பின்னர் ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில், பத்மநாப ராவ், ராமா இணையர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கென ஓராசிரியர் பள்ளிகளை நடத்தினர். பாடத்திட்டம் முழுவதையும் சிறுசிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை எழுதி, அவற்றை ஏணி வடிவில் வரிசைப்படுத்தியது இவர்களின் சிறப்புப் பங்களிப்பு. ஒரு பள்ளிக்குத் தேவையான அனைத்தும் அடங்கிய இத்தொகுப்பு 'பெட்டிக்குள் பள்ளி' எனப் பெயர் பெற்றது.

இத்தொகுப்பைக் கண்டறிந்த கருநாடக ஆசிரியர்கள் சிலர் 1995 இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் 'நலி கலி' என்னும் திட்டத்தை யுனிசெப் நிறுவனத்தின் உதவியுடன் தொடங்கினர். மகிழ்ந்து கற்றல் என்பது இதன் பொருள். அரசுப் பள்ளியிலும் ஏணி முறை இயலும் என்பதை முதலில் காட்டியது இத்திட்டமே எனலாம்.

தமிழ்நாட்டில் தொடக்கமும் பரவலும்

2003 இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இம்முறையில் ஆர்வம் காட்டினார். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். திரும்பி வந்த ஆசிரியர்களே தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப ஏணிகளையும் அட்டைகளையும் உருவாக்கினர். மாண்டிசோரி முறையில் தேர்ந்தவர்களின் உதவியும் இதற்குப் பெறப்பட்டது. கற்றல் பொருள்களை வெளியிலிருந்து வாங்கி வழங்காமல், நாள்தோறும் வகுப்பில் நிற்பவர்களைக் கொண்டே எழுதவைத்தது குறிப்பிடத்தக்கது.

முதற்கட்டமாக 13 பள்ளிகளில் நடந்த முயற்சி, அடுத்த கட்டத்தில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் 264-க்கும் விரிந்தது. விஜயகுமார் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் பொறுப்பை ஏற்றபோது இம்முறையும் மாநில அளவுக்குச் சென்றது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் சில பள்ளிகள் மாதிரிப் பள்ளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்கள் முதலில் பயிற்சி பெற்று, பிறருக்குப் பயிற்சி அளித்தனர். 2007-08 இல் எல்லாப் பள்ளிகளுக்கும் அட்டைகள் சென்றடைந்தன.

13 பள்ளிகளிலிருந்து 37,000 பள்ளிகளுக்கு நான்கைந்து ஆண்டுகளில் செல்லுதல் என்பது எந்தக் கல்வி முறைக்கும் மிக விரைவான பயணம். அட்டைகளை அச்சிட்டு லாரியில் அனுப்பிவிடலாம். ஆனால் அட்டை ஏன் அந்த வரிசையில் உள்ளது என்னும் தெளிவு அதே வேகத்தில் பரவுவதில்லை. ரிஷிவேலி சென்று அட்டை எழுதிய ஆசிரியரும், சில நாள் பயிற்சியில் அட்டையைப் பெற்றுக்கொண்ட ஆசிரியரும் ஒரே முறையைப் பின்பற்றினர் என்று கூறுவது கடினம். பின்னாளைய குறைகள் பலவற்றை இவ்வேறுபாட்டைக் கொண்டே விளக்க முடியும்.

வகுப்பறை

செயல்வழிக் கற்றல் வகுப்பறையைக் காண்போர் முதலில் கவனிப்பது பெஞ்சுகளும் ஆசிரியரின் மேசை நாற்காலியும் இல்லாமையே. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்வர். ஆசிரியரும் அவர்களுடன் தரையில் அமர்வார். சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை சுற்றிலும் தீட்டப்பட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். குழந்தைகள் எழுதியவையும் வரைந்தவையும் தலைக்குமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்ட கம்பிப் பந்தலில் தொங்கவிடப்படும். நன்றாக எழுதியவரின் தாள் மட்டும் அன்றி, எல்லோருடைய தாளும் அங்கே இடம்பெறும் என்பதே இதன் நோக்கம்.

சுவரில் காலநிலை அட்டவணை இருக்கும். நாள்தோறும் ஒரு குழந்தை வெளியே சென்று வானத்தைப் பார்த்து, வெயிலா, மேகமா, மழையா என்று குறிக்கும். வருகைப் பதிவையும் குழந்தைகளே செய்வர். நகம், தலைமுடி, பல், உடை ஆகியவற்றின் தூய்மையைத் தாமே சரிபார்க்க ஆரோக்கியச் சக்கரம் வைக்கப்பட்டிருக்கும். பார்வைக்குச் சிறியவையாகத் தோன்றும் இவை, ஆறு வயதுக் குழந்தையிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பதால் முக்கியமானவை.

ஏணியும் அட்டைகளும்

ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப்படம் உண்டு. ஆண்டு முழுவதும் கற்கவேண்டியவை மைல்கற்களாகப் பிரிக்கப்பட்டு, அடியிலிருந்து மேலாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ஒரு மைல்கல்லுக்குள் அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி, மதிப்பீடு என்னும் படிகள் அமையும். மதிப்பீட்டில் தடுமாறும் குழந்தைக்குக் குறைதீர் அட்டைகளும், எளிதில் முடித்த குழந்தைக்குக் கூடுதல் செயல்களும் தரப்படும்.

ஏணியின் ஒவ்வொரு படியிலும் விலங்கு, பறவை, பூச்சி, வாகனம் போன்ற ஏதேனும் ஒரு சிறு படம் சின்னமாக இருக்கும். அதே சின்னம் அட்டையிலும், அட்டைகள் அடுக்கப்பட்ட தட்டிலும் இருக்கும். இன்னும் படிக்கத் தெரியாத குழந்தையும் ஏணியில் தன் இடத்தைக் கண்டு, அங்குள்ள படத்தைப் பார்த்து, அதே படம் உள்ள தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு தன் குழுவில் சென்று அமர இயலும். படிக்கத் தெரிவதற்கு முன்பே, 'அடுத்து நான் என்ன செய்யவேண்டும்' என்பதைத் தானே அறிதல் இதனால் வாய்க்கின்றது. இம்முறையின் மிகவும் நுட்பமான பகுதி இதுவே.

பத்து நாள் வராத குழந்தை திரும்பி வரும்போது, தான் விட்ட படியிலிருந்தே தொடரும். அதற்கு வகுப்பு காத்திருக்கவும் வேண்டியதில்லை, அது வகுப்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டியதில்லை.

குழுக்கள்

குழந்தைகள் வயது அல்லது வகுப்பின்படி அன்றி, செய்யும் செயலின்படி ஆறு குழுக்களில் அமர்வர். முதற்குழுவில் ஆசிரியர் முழுமையாக உடனிருந்து புதிய கருத்தை அறிமுகப்படுத்துவார். இரண்டாம் குழுவினருக்கு ஆசிரியரின் உதவி ஓரளவு கிடைக்கும். மூன்றாம், நான்காம் குழுக்களில் உடன் பயிலும் மாணவர்கள் முறையே முழுமையாகவும் ஓரளவும் உதவுவர். ஐந்தாம் குழு தானே கற்கும். ஆறாவது மதிப்பீட்டுக் குழு.

ஒரு குழந்தை ஒரே குழுவில் நிலையாக இருப்பதில்லை. காலையில் கணக்கில் புதிய மைல்கல்லைத் தொடங்கி ஆசிரியரின் அருகே அமர்ந்த சிறுமி, பிற்பகலில் தமிழில் தானே படிக்கும் குழுவில் இருக்கலாம். ஆகவே 'முதல் வரிசை', 'கடைசி பெஞ்சு' என்னும் நிலையான முத்திரை விழுவதற்கு வாய்ப்பு குறைவு. நாற்பது குழந்தைகள் உள்ள அறையில் ஆசிரியரின் நேரடிக் கவனம் ஒரு வேளையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கே தேவைப்படும் வகையில் கணக்கிடப்பட்டது இக்குழு அமைப்பு.

பாடங்கள்

தமிழ் எழுத்துகளை அ, ஆ என்னும் நெடுங்கணக்கு வரிசையில் தொடங்காதது பெற்றோர் பலருக்கு வியப்பை அளித்தது. வரிவடிவில் எளியனவும், சேர்ந்தால் சொல் தரக்கூடியனவுமான ட, ப, ம போன்ற எழுத்துகள் முன்னே வைக்கப்பட்டன. இம்மூன்று எழுத்துகளும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய சொற்களைப் படித்துவிடலாம். பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் வரிசையாக எழுதிப் பழகிய குழந்தைக்கு அவற்றைக் கொண்டு படிக்கக் கிடைக்கும் சொற்கள் மிகச் சிலவே. சில நாள்களில் ஒரு சொல்லைத் தானே படித்துவிட்டேன் என்னும் உணர்வு, எழுத்தறியாத வீட்டிலிருந்து வரும் குழந்தைக்குப் பெரிய ஊக்கம் ஆகும். நெடுங்கணக்கு வரிசை பின்னர் கற்பிக்கப்படுகின்றது. அகராதி பார்க்க அது தேவை. படிக்கத் தொடங்க அது தேவையில்லை.

ஓர் எழுத்தின் அறிமுகம் பாடல் அல்லது படத்துடன் தொடங்கும். பின்னர் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தின்மேல் விரலை ஓட்டுதல், மணலில் எழுதுதல், தரையில் வரைந்த எழுத்தின்மேல் புளியங்கொட்டைகளை அடுக்குதல், சொல்லட்டைகளில் அவ்வெழுத்தைத் தேடுதல், சுவர்க் கரும்பலகையில் எழுதுதல் எனச் செயல்கள் தொடரும். பென்சிலைப் பிடித்து எழுதுவதற்கு முன் விரல் தசைகளும் கண்ணும் கையும் இணைந்து இயங்கப் பழகவேண்டும் என்பதால் இவ்வரிசை பின்பற்றப்படுகின்றது.

கணக்கில் எண்ணுரு கடைசியாகவே வரும். குழந்தை முதலில் குச்சிகளையும் மணிகளையும் எண்ணி, பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டும். 23 என்பது இரண்டு கட்டுகளும் மூன்று உதிரிக் குச்சிகளும் என்று கையில் உணர்ந்த பிறகு ஆணிமணிச் சட்டத்திலும், அதன் பின்னரே தாளிலும் எழுதும். 32-இலிருந்து 15-ஐக் கழிக்கும்போது 'கடன் வாங்குதல்' என்று மனப்பாடமாகச் சொல்லப்படுவது, இங்கே ஒரு கட்டை அவிழ்த்துப் பத்து உதிரிகளாக்குதல் என்னும் கண்கூடான செயலாக மாறுகின்றது.

சூழ்நிலையியல் பாடத்துக்குப் பள்ளி வளாகமும் ஊரும் களம் ஆகும். இலைகளைச் சேகரித்து நரம்பமைப்பின்படி பிரித்தல், வீட்டுப் பெரியவரிடம் பழைய விளையாட்டுகளைக் கேட்டு வருதல் போன்றவை இப்பாடத்துக்கு ஏற்ற செயல்கள். ஆங்கிலப் பாடத்துக்கும் ஏணியும் அட்டைகளும் இருந்தன. எனினும் ஆசிரியரின் பேச்சுத் திறனை மிகுதியும் சார்ந்திருக்கும் மொழியை அட்டையின் வழியே கற்பிப்பதில் இயல்பாகவே வரம்பு உண்டு.

குழந்தை வளர்ச்சியில் இதன் இடம்

ஆறு முதல் பத்து வயது வரையிலான காலத்தில் உடல், மொழி, அறிவு, சமூகம், உணர்வு ஆகிய எல்லாத் துறைகளிலும் குழந்தை வளர்கின்றது. இவை ஒன்றையொன்று சார்ந்தவை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே, ஏறத்தாழ ஏழு முதல் பதினொரு வயது வரை குழந்தை கண்முன் உள்ள பொருள்களைக் கொண்டே தருக்க முறையில் சிந்திக்கின்றது என்றும், அருவக் கருத்துகளைக் கையாளும் திறன் பின்னரே முழுமை பெறுகின்றது என்றும் விளக்கினார். குச்சிக் கட்டும் மணியும் தேவைப்படுவதற்கான காரணம் இதுவே.

உருசிய உளவியலாளர் வைகாட்ஸ்கி, தனியே செய்ய இயலாத ஒன்றைச் சற்றுக் கூடுதலாக அறிந்தவரின் துணையுடன் குழந்தை செய்ய இயலும் என்றும், அவ்விடைவெளியிலேயே கற்றல் நிகழ்கின்றது என்றும் கூறினார். ஆறு குழுக்களும் உதவி படிப்படியாகக் குறையும் வகையில் அமைந்திருப்பது இக்கருத்துடன் பெரிதும் பொருந்துகின்றது. மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒன்றாம் வகுப்புச் சிறுமிக்கு அட்டையை விளக்கும்போது அவளுக்கு மட்டும் அன்றி அவனுக்கும் பயன் உண்டு. தான் அறிந்ததை வேறொருவருக்குச் சொல்லும்போதே அதில் உள்ள குழப்பம் தெரியவருகின்றது.

உணர்வு வளர்ச்சி பற்றிய பயன் அளப்பதற்கு அரியது. ஆனால் பார்ப்பதற்கு எளியது. ஆசிரியர் தரையில் அமர்வதால் குழந்தை அவரிடம் பேசத் தயங்குவதில்லை. தவறான விடை நாற்பது பேர் முன்னிலையில் வெளிப்படுவதில்லை. அது அட்டைக்கும் குழந்தைக்கும் இடையில் நின்றுவிடுகின்றது. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 29 ஆவது பிரிவில், செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியாகக் கற்பதையும், குழந்தையை அச்சத்திலிருந்து விடுவிப்பதையும் பாடத்திட்டத்தின் கடமைகளாகக் குறிப்பிடுகின்றது. அச்சட்டம் வருவதற்கு முன்பே இவ்விரண்டையும் தமிழ்நாட்டு வகுப்பறைகள் முயன்று பார்த்திருந்தன.

மதிப்பீடு

குழந்தை ஒரு மைல்கல்லை முடிக்கும்போது அதற்குரிய மதிப்பீட்டு அட்டையைச் செய்யும். ஆசிரியர் அதனைப் பார்த்து அடைவு அட்டவணையில் குறிப்பார். எல்லோரும் ஒரே நாளில் எழுதும் தேர்வு இதில் இடம்பெறாது. மதிப்பெண் தரவரிசையும் இல்லை. தேர்வு நடக்கின்றது என்பதே குழந்தைக்குத் தெரியாமல் தேர்வு முடிந்துவிடும்.

பெற்றோருக்கு இது எளிதில் விளங்கவில்லை. வீட்டுப்பாடம் இல்லை, நோட்டில் சிவப்பு மையில் மதிப்பெண் இல்லை, புத்தகத்தில் எந்தப் பாடம் நடக்கின்றது என்று கேட்டால் குழந்தை ஒரு பறவையின் பெயரையோ வண்டியின் பெயரையோ சொல்கின்றது. பள்ளியில் விளையாட மட்டுமே வைக்கின்றனர் என்னும் எண்ணம் சில ஊர்களில் பரவியது. அருகிலேயே கழுத்துப் பட்டை, நோட்டு, மாதத் தேர்வு ஆகியவற்றுடன் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் பெருகிவந்த காலம் அது என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

திறனாய்வுகள்

ஆசிரியர் சங்கங்கள் சில இம்முறையை எதிர்த்தன. நாற்பது குழந்தைகளும் நான்கு பாடங்களில் எந்தெந்தப் படியில் உள்ளனர் என்பதை ஒருவரே நினைவில் வைத்து, பதிவும் செய்யவேண்டும். பாடநூலிலிருந்து விலக ஆசிரியருக்கு உரிமை தரப்பட்டது எனக் கூறப்பட்டாலும், அட்டையிலிருந்து விலக உரிமை இல்லை என்பது இன்னொரு குறை. மேற்பார்வையாளர் வரும்போது குழந்தைகள் சரியான தட்டைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனரா என்று பார்ப்பதே சில இடங்களில் ஆய்வாகிவிட்டது. விடுதலை தரவேண்டிய முறை இவ்வாறு சடங்காக மாறும் ஆபத்து அதற்குள்ளேயே இருந்தது.

அட்டைகள் கிழியும், தொலையும். ஏணியின் நடுவே ஓர் அட்டை இல்லாவிட்டால் அப்படிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையும் அங்கே நிற்கும். மேலும், அட்டைகளில் எழுத்து, சொல், சிறு தொடர்கள் மிகுதி. தொடர்ச்சியாக இரண்டு மூன்று பக்கம் படிக்கத்தக்க கதைகள் குறைவு. 'புத்தகப் பூங்கொத்து' என்னும் பெயரில் சிறுவர் கதை நூல்கள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டதை இக்குறையை ஈடுசெய்யும் முயற்சியாகக் கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பில் முறை மாறியதால் அட்டையுடன் பழகிய குழந்தை திடீரெனப் பாடநூலை எதிர்கொள்ளவேண்டியிருந்தது. உயர்தொடக்க வகுப்புகளில் மனவரைபடம், குழுக் கலந்துரையாடல் ஆகியவற்றைக் கொண்ட படைப்பாற்றல் கல்வி பின்பற்றப்பட்டது.

எல்லாவற்றினும் கடுமையான கேள்வி கற்றல் அடைவு பற்றியது. சிற்றூர்க் குழந்தைகளின் வாசிப்புத் திறனை வீடுவீடாகச் சென்று கண்டறியும் பிரதம் அமைப்பின் 'அசர்' அறிக்கைகள், 2010களின் தொடக்க ஆண்டுகளில், இரண்டாம் வகுப்புப் பாடப் பகுதியைப் படிக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளின் பங்கு தமிழ்நாட்டில் அனைத்திந்திய சராசரியைவிடக் குறைவு எனக் காட்டின. இது செயல்வழிக் கற்றலின் தோல்வி என்று சிலர் கூறினர். ஆனால் அசர் கணக்கெடுப்பில் தனியார் பள்ளிக் குழந்தைகளும் அடங்குவர். இம்முறை வருவதற்கு முன்பும் தமிழ்நாட்டின் நிலை சிறந்திருந்தது எனக் கூற இயலாது. 2011 இறுதியில் வெளியான பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில் தமிழ்நாடு மிகப் பின்தங்கியதையும் இதனுடன் சேர்த்துப் பேசுவது உண்டு. அத்தேர்வை எழுதியவர்கள் பதினைந்து வயது மாணவர்கள். 2007-08 இல் இம்முறை மாநிலம் முழுவதும் வந்தபோது அவர்கள் தொடக்கப் பள்ளியைக் கடந்துவிட்டிருந்தனர். ஆகவே அம்முடிவை இம்முறையின்மேல் சுமத்துவது பொருந்தாது.

இருப்பினும் அசர் அறிக்கைகள் சுட்டியதை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. 'தன் வேகத்தில் கற்றல்' என்னும் கொள்கைக்கு ஒரு நிழற்பக்கம் உண்டு. ஒரு மைல்கல்லில் இரண்டு மாதம் நின்றுவிட்ட குழந்தையைக் காணும் ஆசிரியர், அதன் வேகம் அதுதான் என்று இருந்துவிடலாம். வழக்கமான வகுப்பில் பின்தங்கிய குழந்தை எல்லோர் கண்ணிலும் படும். இங்கே அட்டையைக் கையில் வைத்து அமைதியாக அமர்ந்திருக்கும் குழந்தை யார் கண்ணிலும் படாமல் போகலாம். ஏணி தானாகக் குழந்தையை ஏற்றுவதில்லை. எந்தக் குழந்தை எந்தப் படியில் எவ்வளவு நாளாக நிற்கின்றது என்று பார்த்து, அதனை முதற்குழுவுக்கு அழைத்துக்கொள்ளும் ஆசிரியர் தேவை. ரிஷிவேலியின் சிறு பள்ளிகளில் அத்தகைய ஆசிரியர் இருந்தார். 37,000 பள்ளிகளில் எல்லா இடத்திலும் இருந்தார் எனக் கொள்ள முடியாது.

பின்னைய மாற்றங்கள்

2012-13 இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், பருவ இறுதியில் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. இதற்கு ஏற்ப எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் அறிமுகமானது. அட்டைகளுக்கும் பாடநூலுக்கும் இடையிலான தொடர்பு நெருக்கமாக்கப்பட்டது. பருவ முடிவில் எல்லோரும் ஒரே பகுதியில் மதிப்பிடப்படுவதால், தன் வேகத்தில் கற்றல் என்னும் அடிப்படை ஓரளவு தளர்ந்தது என்றே கூறவேண்டும்.

தமிழ்நாட்டு வகுப்பறைகளைப் பார்வையிட்டுச் சென்றவர்களால் இம்முறையின் தாக்கம் வெளியிலும் பரவியது. குசராத்தில் 2010 இல் தொடங்கப்பட்ட 'பிரக்ஞா' திட்டமும், சத்தீசுகரின் பல்வகுப்புப் பல்நிலைக் கற்பித்தலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச்சு முதல் தொடக்கப் பள்ளிகள் நெடுங்காலம் மூடப்பட்டன. பள்ளி திறந்தபோது, ஒரு நாளும் வகுப்பறையில் அமராத குழந்தைகள் இரண்டாம் வகுப்பில் இருந்தனர். ஒரே வகுப்பில் பல நிலைகள் என்னும் பழைய சிக்கல் முன்னெப்போதையும்விடப் பெரிதாயிற்று. மாலை நேரங்களில் தன்னார்வலர்கள் கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தொடர்ந்து 2022 சூனில், 2025 ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்னும் இலக்குடன் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளுக்கு வந்தது. 2023-24 இல் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

இத்திட்டத்தில் ஏணியும் சின்னங்களும் இல்லை. குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் வகைப்படுத்தப்பட்டு, நிலைக்கு ஏற்ற பயிற்சி நூல்களைப் பயன்படுத்துகின்றனர். கதை, பாடல், பொம்மலாட்டம், கைவினை ஆகியவற்றுக்கு வகுப்பறையில் தனித்தனிக் களங்கள் உள்ளன. ஏணியில் நாற்பது குழந்தைகளுக்கு நாற்பது இடங்கள் இருந்தன. இங்கே மூன்று நிலைகளே உள்ளதால் ஆசிரியர் நினைவில் கொள்ளவேண்டியது குறைகின்றது. அதே வேளையில், ஒரு நிலைக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இடையிலான வேறுபாடு மீண்டும் ஆசிரியரின் கண்ணையே நம்பியிருக்கின்றது. தரையில் அமர்தல், குழுவாகக் கற்றல், குழந்தைகளின் படைப்புகளைக் கம்பியில் தொங்கவிடுதல் ஆகிய பழக்கங்கள் பல பள்ளிகளில் எந்த ஆணையும் இல்லாமலே தொடர்கின்றன.